திரும்பி வந்த செருப்பு: ரிட்டர்ன் தகராறைப் புகாரின் வார்த்தையிலிருந்து பிடிப்பது

போன ஆடி மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டு என்னுடையது, பெட்டியும் என்னுடையது. உள்ளே இருந்த செருப்பு மட்டும் என்னுடையதல்ல. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கட்டைவிரல் பதிந்த பள்ளத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. விற்பனைத் தளத்தில் பணம் ஏற்கெனவே வாங்கியவர் கணக்குக்குப் போய்விட்டது. அன்று நான் செய்த முதல் காரியமே தப்பு: ஆத்திரத்தில் பார்சலை வெறுங்கையால் கிழித்துத் திறந்தேன், வீடியோ எடுக்கவில்லை. நஷ்ட ஈடு கேட்டு விண்ணப்பித்தபோது ‘ஆதாரம் போதவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 1,150 ரூபாய் போயிற்று.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில்தான் என் கடை. பேரணாம்பட்டில் தோல் வாங்கி, ஆம்பூரில் தைத்து வரும் செருப்பு, பெல்ட், பர்ஸ் ஆகியவற்றை நான்கு ஆண்டுகளாக ஆன்லைனில் விற்கிறேன். ரிட்டர்ன் வராத மாதம் கிடையாது. அந்த அனுபவத்தில், எந்தப் புகாருக்கு எங்கே பார்ப்பது, எதற்குப் பணத்தைக் கொடுத்துவிடுவது, எதற்கு நின்று வாதாடுவது என்று எனக்கென்று ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. செருப்பைத் தவிர வேறெதையாவது விற்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எந்தப் புகார் வந்தாலும் முதலில்

தளத்தில் வாங்கியவர் தேர்ந்தெடுத்திருக்கும் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்றால் ரிட்டர்ன் கிடைக்காது என்று நினைப்பவர் ‘குறைபாடுள்ள பொருள்’ என்பதைத் தட்டிவிடுகிறார். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை, கைக்கு எளிதாக வந்த பொத்தான் அது. உண்மையான காரணம் அவர் கைப்பட எழுதிய ஒரு வரியிலோ, அனுப்பிய படத்திலோதான் இருக்கும்.

ஆகவே பதில் எழுதும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: பொருள் முழுதாக, குறை உள்ள இடம் கிட்டத்தில், பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு. நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “வணக்கம் ஐயா. உங்கள் புகார் இன்று காலை 10.40-க்குக் கிடைத்தது. இந்த மூன்று படங்களை அனுப்பினால், நாளை மாலைக்குள் மாற்றுப் பொருளா, பணமா என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.” நேரத்தைக் குறிப்பிடுவது அவருக்காக மட்டுமல்ல. இந்த உரையாடலைப் பிற்பாடு மூன்றாவது ஆள் ஒருவர் படிக்கப்போகிறார். தளத்தின் ஊழியராக இருக்கலாம், நுகர்வோர் ஆணையமாகவும் இருக்கலாம். அவர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி முதல் வரியிலிருந்தே எழுதுங்கள். ‘உங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்’ என்று நான் ஒரு முறை எழுதினேன். பொருள் பக்கம் நியாயம் என்னிடம் இருந்தும், அந்த ஒரு வரியால் தோற்றேன்.

சட்டத்தில் கெடுவும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, தளங்கள் வழியாக விற்பவர் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். என் கடையில் அந்த அலுவலரும் நான்தான், பார்சலுக்கு டேப் ஒட்டுபவனும் நான்தான்.

“சைஸ் பொருந்தவில்லை”

இதில் சண்டைக்கு இடமே இல்லை. மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் திரும்பத் திரும்ப இதே புகார் வந்தால் கோளாறு உங்கள் அளவுப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்ச் செருப்பில் 8 என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு, ஐரோப்பிய அளவில் 42. வாங்குபவரோ தன் விளையாட்டு ஷூ பெட்டியில் கண்ட அமெரிக்க எண்ணைச் சொல்கிறார். ஆண்களுக்கு அது ஒன்று கூடுதலாக இருக்கும். 9 என்று கேட்பவருக்கு உண்மையில் தேவை 8. எண்ணைக் கேட்காமல் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் கேட்கத் தொடங்கியபின் என் கடையில் இந்தப் புகார் நன்றாகக் குறைந்தது. மாலையில் அளக்கச் சொல்லுங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்.

“படத்தில் இருந்த நிறம் இல்லை”

படம் உங்களுடையது என்றால் பழியும் உங்களுடையதே. டியூப் லைட்டின் கீழ் எடுத்த பழுப்பு, வெயிலில் வேறு பழுப்பு. ஜன்னலோரம், காலை பத்து மணி வாக்கில், பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வெளிச்சமும் கை எண்ணெயும் பட்டு நாளடைவில் கருக்கும் என்பதையும் விற்கும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

“வெள்ளையாகப் பூத்திருக்கிறது”

கார்த்திகை மழையில் வரும் புகார் இது. படத்தைப் பார்த்தவுடன் பூஞ்சை என்று முடிவுகட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேரணாம்பட்டில் எனக்குத் தோல் கொடுக்கும் பாய்தான் ஒரு நாள் தடுத்தார். “தம்பி, முதலில் சூடு காட்டிப் பாருங்கள். மறைந்தால் கொழுப்பு, மறையாவிட்டால் பூஞ்சை.” தோல் மிருதுவாக இருக்கப் பதனிடும்போது அதில் எண்ணெயும் கொழுப்பும் ஊட்டுகிறார்கள். குளிர்ந்தால் அதில் கொஞ்சம் மேலே வந்து வெண்மையாக உறையும். தலை உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்துச் சில விநாடி காட்டினால், அந்த வெண்மை உருகித் தோலுக்குள்ளேயே போய்விடும். பூஞ்சை அப்படிப் போகாது. துணியால் துடைத்தால் தூளாக வரும், மண்வாடை அடிக்கும், நூல் நூலாகப் பரவியிருக்கும்.

இதை வாங்கியவரிடமே செய்து பார்க்கச் சொல்லலாம், ஆனால் சொல்லும் விதம் முக்கியம். ‘நீங்கள் சொல்வது தவறு’ என்ற தொனி வந்தால் டிரையரை எடுக்கவே மாட்டார். “மேடம், பணம் உங்களுக்கு உறுதி. அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்க முடியுமா?” என்று கேட்டபோது திருச்சூரிலிருந்து ஒரு பெண்மணி வீடியோவே அனுப்பினார். வெண்மை மறைவது தெளிவாகத் தெரிந்தது. செருப்பை அவரே வைத்துக்கொண்டார்.

பூஞ்சைதான் என்று தெரிந்தால் வாதம் செய்யாதீர்கள். ஈரம் வழியில் ஏறியதா, உங்கள் மாடியிலேயே ஏறியதா என்பதை அவரால் நிரூபிக்க முடியாது, உங்களாலும் முடியாது. எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேக்கிங்கைப் பாருங்கள்: பசை காயாத செருப்பைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டினீர்களா? ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டீர்களா?

“சோல் விட்டுவிட்டது”

கத்திரி வெயிலில் வேலூரில் வண்டிக்குள் கிடக்கும் பார்சல் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. பசை இளகும். இந்தப் புகாரில், பிரிந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பசை ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று ஏடாக நிற்க, மறுபக்கம் மொழுமொழுவென்று சுத்தமாக இருந்தால் பசை பிடிக்கவே இல்லை. தப்பு நம்முடையது, கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். பசையோடு சேர்ந்து தோலின் நார்களும் பிய்ந்து வந்திருந்தால் ஒட்டு பலமாக இருந்திருக்கிறது, யாரோ பலமாக இழுத்திருக்கிறார்கள். அப்போதும் உடனே சண்டைக்குப் போகாமல், வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் வந்த புகார் என்றால் நான் பாதி விலையில் தைத்துக் கொடுக்க முன்வருவேன். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

“இது தோலே இல்லை, ரெக்சின்”

ஆம்பூர் பெயரைச் சொல்லி விற்பவனுக்கு இதைவிட உறைக்கும் புகார் கிடையாது. ஆனாலும் முதலில் நீங்கள் என்ன எழுதி விற்றீர்கள் என்று திரும்பப் படியுங்கள். ‘அசல் தோல் செருப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அடியட்டையோ உள்பட்டையோ செயற்கையாக இருக்கும்போது அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேல்பட்டை ஆட்டுத் தோல், உள்பட்டை செயற்கை, சோல் பி.யு. (பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள்) என்று பாகம் பாகமாக எழுதிவிடுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், எடுத்துக்கொள்ள மறுக்க விற்பவருக்கு உரிமை இல்லை. இதுவும் அதே விதிகளில் இருக்கிறது. குறை உள்ளது, போலியானது, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நெருப்பு வைத்துப் பார், தண்ணீர் விட்டுப் பார் என்றெல்லாம் சொல்லித்தராதீர்கள். மேலே பூச்சு அடித்த நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. வெட்டிய ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் படமெடுக்கச் சொல்லுங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் துணியின் மேல் ஒரு பூச்சு தெரியும்.

வேறு பொருள் திரும்பி வந்தது, அல்லது “பெட்டி காலியாக வந்தது”

நின்று வாதாட வேண்டிய இடம் இது ஒன்றுதான். ஆனால் வாதத்துக்கான சரக்கைப் பார்சல் கிளம்பும் முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும். பெங்களூர்ச் செருப்புக்குப் பின் நான் மூன்று காரியங்களை விடாமல் செய்கிறேன்.

ஒன்று, எண் முத்திரை. தோலில் எழுத்து அடிக்கும் இரும்பு அச்சு ஒரு செட் வாங்கி, ஒவ்வொரு ஜோடியின் உள்பட்டை மடிப்பிலும் நான்கு இலக்க எண்ணைச் சுத்தியலால் தட்டிவிடுகிறேன். வெளியே தெரியாது, அழியாது. அந்த எண்ணை ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் நோட்டில் எழுதுகிறேன்.

இரண்டு, எடை. சமையலறைத் தராசு போதும். மூடி ஒட்டிய பார்சலை வைத்து எடை தெரியும்படி படமெடுக்கிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் போட்டால் ரசீதிலேயே எடை அச்சாகி வரும், அது மூன்றாம் நபர் தரும் சாட்சி. காலிப் பெட்டி என்று சென்னையிலிருந்து ஒருவர் புகார் செய்தார். கவுண்டரில் கொடுத்தபோது 780 கிராம், வெறும் பெட்டி 190 கிராம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “வீட்டில் வேறு யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள், மன்னிக்கவும்.” உண்மையாகவே அப்படி நடந்திருக்கலாம். பெரிய குடும்பங்களில் பார்சலைப் பிரிப்பவர் ஒருவர், புகார் செய்பவர் இன்னொருவர். ஆகவே எடுத்த எடுப்பிலேயே திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள்.

மூன்று, வீடியோ. அனுப்பும்போது எடுப்பதைவிடத் திரும்பி வந்ததைப் பிரிக்கும்போது எடுப்பதே முக்கியம். நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக: பார்சலின் ஆறு பக்கங்கள், சீட்டில் இருக்கும் எண், டேப் உடைக்கப்பட்டிருக்கிறதா என்பது, தராசில் எடை, பிறகுதான் கத்தி. உள்ளிருந்து வெளியே எடுத்த பொருள் கேமராவை விட்டு விலகவே கூடாது. நடுவில் போன் அடித்தால் வீடியோ அறுந்துவிடும். போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். என் மகள் போனைப் பிடித்துக்கொள்வாள், நான் வெட்டுவேன்.

வந்தது உங்கள் பொருள் அல்ல என்றால் அன்றைக்கே தளத்தில் நஷ்ட ஈடு கேட்டு விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கெடு உண்டு, ஒரு நாள் தாண்டினாலும் பக்கமே திறக்காது. எழுதும்போது கதை வேண்டாம். ‘அனுப்பிய எடை 782 கிராம், திரும்பிய எடை 610 கிராம், அனுப்பியதில் 0392 என்ற முத்திரை உண்டு, வந்ததில் இல்லை, வீடியோவில் 1 நிமிடம் 12-ஆவது விநாடியில் காண்க’ என்பது போல எண்ணாகவே எழுதுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நம் கண்ணீரைப் படிக்க நேரம் கிடையாது. முதல் முறை நிராகரித்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அதே விஷயத்தை மறுபடி எழுதாமல், புதிதாக ஒரு ஆதாரமாவது சேர்த்து அனுப்புங்கள்.

அசல் வீடியோக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிப்போயிருக்கும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் போய்விடும். விஷயம் ஆணையம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கப்படலாம். அதற்கு அசல் இருப்பது நல்லது.

ரிட்டர்ன் ஆகிவிட்டதாகக் காட்டுகிறது, பார்சலைக் காணவில்லை

முகவரியைப் பாருங்கள். நம் பக்கத்துக்கே உரிய தொல்லை இது. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் என்று ஒன்று இருக்கிறது. பின்கோடில் ஓர் எண் மங்கினால், அல்லது சீட்டைக் கையால் எழுதினால், வண்டி அங்கே போய் நிற்கும். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது, பல படிவங்களில் இன்னும் எல்லாம் வேலூராகவே கிடக்கிறது. ரிட்டர்ன் முகவரியில் தெரு, பின்கோடு, தாலுகா மூன்றையும் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யார் என்ற விவரத்தைக் கூரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

“பணத்தை வேறு எண்ணுக்குப் போடுங்கள்”

தளம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் நேராக விற்பவர்களுக்கு வரும் கோரிக்கை. போடாதீர்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்ப வேண்டும். ‘என் மச்சான் எண்’ என்று சொல்லி அனுப்பிய எண்ணுக்குப் பணம் போட்ட பிறகு, உண்மையான வாங்குபவர் ‘எனக்கு வரவே இல்லை’ என்று வந்தால் இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் எப்போதும் தேவைப்படாது. ‘இந்தக் கியூ.ஆரை ஸ்கேன் செய்து பின் போட்டால் மீதித் தொகை உங்களுக்கு வரும்’ என்று யாராவது சொன்னால் அவர் வாங்குபவரே அல்ல. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

“நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்”

பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத்தான் போகிறார்கள். அங்கிருந்து புகார் வந்தால் மேலே சொன்ன படங்களோடும் எண்களோடும் பதில் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே முடியும்.

ஆணையத்தில் வழக்கே போட்டுவிட்டால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. 900 ரூபாய்ச் செருப்புக்கு அவருக்குச் செலவே இல்லை, அவர் கோயம்புத்தூர்க்காரர் என்றால் உங்களுக்கோ கோயம்புத்தூர் பயணம். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். பதிலே தராவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம், சமரசத்துக்கும் அனுப்பச் சொல்லலாம். தப்பு உங்கள் பக்கம் என்று மனத்துக்குத் தெரிந்தால் நோட்டீஸ் வந்த வாரமே பணத்தைக் கொடுத்து, எழுத்தில் ரசீது வாங்கிவிடுங்கள்.

பணம் திருப்பியாயிற்று, கணக்கு இடிக்கிறது

திரும்பி வந்த ஒவ்வொரு விற்பனைக்கும் கிரெடிட் நோட், அதாவது அந்த விற்பனைத் தொகையைக் கணக்கில் குறைத்துக் காட்டும் சீட்டு, போட வேண்டும். இல்லாவிட்டால் கையில் இல்லாத பணத்துக்கு ஜி.எஸ்.டி. கட்டுவீர்கள். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-ஐத் தாண்டினால் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. விற்பனைத் தொகையிலிருந்து தளம் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் 0.5 சதவீத டி.சி.எஸ். தொகையும் ரிட்டர்னைக் கழித்த நிகர விற்பனைமீதுதான் இருக்க வேண்டும், மாதா மாதம் சரிபாருங்கள். நான் கிரெடிட் நோட் எண்ணையும் செருப்பின் முத்திரை எண்ணையும் ஒரே வரியில் எழுதிவைக்கிறேன். போன மாதம் ஏழு கிரெடிட் நோட், மேசையில் ஆறு ஜோடி. ஏழாவது ஜோடி, 0417, இன்னும் பரமத்தி வேலூரில் இருக்கிறது.